ஊர்ப்பொதுவான ஓர் ஆடுதிடல்

கோல்ஃப் என்றதும் செல்வர்தம் ஆட்டமென்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் அதன் தாயகமெனப் போற்றப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், பழைய திடல் இன்றும் பொதுச்சொத்தேயாகும்.

அக்கடற்கரைப் புல்வெளியில் முயல் வளர்க்க இசைவு பெற்ற பேராயர் ஹாமில்டன், அங்கே ஆடவும் கால்நடை மேய்க்கவும் நகரமாந்தர்க்குள்ள உரிமையை 1552இல் எழுத்தில் உறுதிசெய்தார். பிற்காலத்தில் நகரசபை கடனில் மூழ்கவே, நிலம் கைமாறியது. முயல் வணிகருக்கும் ஆடுவோருக்கும் பல்லாண்டு வழக்கு நடந்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதனை வாங்கி ஆட்டத்தைக் காத்தார். 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் துணையோடு நகரமே அதனை மீட்டுக்கொண்டது.

திடலின் அமைப்பிலும் இப்பொதுமை விளங்குகிறது. 18 குழிகளுள் 14 குழிகள், இரண்டிரண்டாக 7 புல்தளங்களில் அமைந்துள்ளன. செல்வோரும் திரும்புவோரும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். குலுக்கலில் பெயர் வந்தால், கட்டணம் செலுத்தி அயலாரும் ஆடலாம். ஞாயிறன்று பொதுவாக ஆட்டமில்லை. அன்று திடல் உலாவுவோர்க்கே உரியது.

பிறந்த ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் வாழும் நமக்கும் மாலைவேளையில் காற்று வாங்கப் பொதுத்திடல்களே புகல். அவை பொதுவாகவே நிலைத்திட, நெடுநாள் வழக்கம் மட்டும் போதாது. எழுத்தும் சட்டமும் வேண்டும்.