பித்தளைத் துலக்கமும் பருவ வெடிப்பும்: வுலிச் ஆயுதசாலையிலிருந்து மனோர் பார்க் வரை

கிழக்கு லண்டனில் நியூஹாம் மாநகரப் பகுதிக்குள் அடங்கும் மனோர் பார்க், ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழர் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்று. சர்ச் வீதியில் உள்ள ஸ்ரீ முருகன் ஆலயத்திலும், அதைச் சூழ்ந்த தெருக்களில் உள்ள வீடுகளின் பூசையறைகளிலும், கறுத்த பித்தளையைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கம் இடம்பெயர்வுக்குப் பிறகும் விட்டுப்போகவில்லை. அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தெற்கே, தேம்ஸ் ஆற்றின் எதிர்க்கரையில், பிரித்தானியப் பேரரசின் தோட்டாக்களை வடிவமைத்துச் செய்த வுலிச் அரச ஆயுதசாலை இருந்தது. பித்தளை ஏன் கறுக்கிறது, எதனால் துலங்குகிறது, எதனால் வெடிக்கிறது என்னும் கேள்விகளுள் கடைசிக் கேள்விக்கு உறுதியான விடை அந்த ஆயுதசாலையின் ஆய்வுத் துறையிலிருந்துதான் வந்தது. அக்கேள்வியை எழுப்பியதோ இந்தியாவின் மழைக்காலம். சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டைத் துலக்கி மீண்டும் மருந்து நிரப்பும் தொழில்நுட்பத்தின் வரலாற்றைத் தொடரும் இக்கட்டுரை, பித்தளையைப் பளபளக்கச் செய்வதும் அதைப் பழுதின்றிக் காப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்னும் அறிவு எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்கிறது.

தோட்டாவின் வெளிக்கூடு எல்லாக் காலத்திலும் பித்தளையாக இருந்ததில்லை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு பெயர் இணைந்துபோன என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா, கொழுப்புப் பூசிய காகிதச் சுருள். அது ஒருமுறைக்கு மேல் பயன்படாது. 1860-களில் வுலிச் ஆயுதசாலையின் அரச ஆய்வுக்கூடத்திற்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பாக்ஸர், ஸ்னைடர் துப்பாக்கிக்கென மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் உலோக வட்டு பொருத்திய கூட்டை வடிவமைத்தார். பின்வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் முதலில் இத்தகைய சுருட்டிய கூட்டையே பயன்படுத்தியது. 1884–85 சூடான் போரில், சூடேறிய துப்பாக்கி அறைக்குள் இக்கூடுகள் ஒட்டிக்கொண்டு கிழிந்து வெளிவர மறுத்ததால், ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்து உருவாக்கப்பட்ட கூடு அவற்றின் இடத்தைப் பிடித்தது. மீள்நிரப்பலுக்கு இடம் தந்ததும், பின்னர் வெடிப்புச் சிக்கலைக் கொண்டுவந்ததும் இந்த இழுவைக் கூடுதான்.

இழுவைக் கூட்டின் செய்முறையை அறியாமல் அதன் துலக்கத்தை விளங்கிக்கொள்ள இயலாது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையிலிருந்து வட்டமாக வெட்டிய வில்லை முதலில் கிண்ணமாக அழுத்தப்படுகிறது. அக்கிண்ணம் அச்சுகளின் ஊடே படிப்படியாக இழுக்கப்பட்டு நீண்ட குழலாகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் கடினப்படுவதால், இடையிடையே அதைக் காய்ச்சி ஆற்றி மென்மையாக்க வேண்டும்; காய்ச்சும்போது மேலே படியும் ஆக்சைடுச் செதிலை நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் இட்டுக் கரைத்து, நீரில் அலசி, மீண்டும் இழுக்க வேண்டும். அச்சிலிருந்து வெளிவந்த கூட்டின் சுவருக்குள், வெளிப்பார்வைக்குத் தெரியாத இழுவிசை தங்கிவிடுகிறது. பொறியியலாளர் இதனை எஞ்சிய தகைவு என்பர்.

கரிமருந்து வழக்கில் இருந்த காலத்தில் துலக்கம் என்பது பெரும்பாலும் நீரால் அலசுவதே. கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் கார்பனேட்டு, சல்பேட்டு, சல்பைடு ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துப் பித்தளையை அரிப்பவை. ஆதலால் சுட்ட கூட்டை ஆறப்போடாமல் வெந்நீரில் ஊறவிட்டுக் கழுவ வேண்டியிருந்தது. 1880-களில் அமெரிக்கப் படையினர் பயிற்சிச் சுடுதலுக்கான தோட்டாக்களைத் தங்கள் முகாம்களிலேயே மீள்நிரப்பினர். பிரித்தானியாவில் 1859-இல் தொடங்கப்பட்ட தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1890-இல் விம்பிள்டனிலிருந்து பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தபோது, இலக்குச் சுடுவோரிடையே கூட்டைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் பழக்கம் புதியதன்று. அழுக்கை அகற்ற வேண்டியதற்கு அழகு காரணமன்று. மணலும் கரியும் ஒட்டிய கூடு, அதை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சைக் கீறிவிடும். அதைவிட முக்கியமாக, கறை மூடிய கூட்டில் விரிசல் தெரியாது. பலமுறை சுடப்பட்ட கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சுவர் மெலிந்து வருவதைக் காட்டும் ஒளிர்ந்த வளையம் ஒன்று தோன்றும். அடுத்தமுறை சுடும்போது அடி கழன்றுபோகக்கூடும் என்பதற்கு அதுவே முன்னடையாளம், அதனைக் கண்டறியத் துலக்கிய மேற்பரப்பு வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து பரவியதும், எதிர்பாராத ஒரு கேடு வெளிப்பட்டது. தோட்டாவின் அடியில் பொருத்தப்படும் பிரைமர் என்னும் சிறு தீமூட்டியில் அக்காலத்தில் பாதரசப் பல்மினேட்டு இருந்தது. எட்வர்ட் ஹவர்ட் 1800-இல் உலகுக்கு அறிவித்த இச்சேர்மம் வெடிக்கும்போது பாதரசம் விடுபட்டுப் பித்தளையோடு இரசக்கலவையாகி, அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். கரிமருந்துக் காலத்தில் ஏராளமாகச் சேர்ந்த கசடு அந்தப் பாதரசத்தை உறிஞ்சி மறைத்து வைத்திருந்தது. கசடு குறைந்ததும் பாதரசம் நேரே கூட்டைப் பற்றியது. எவ்வளவு கழுவினாலும் இப்பழுது நீங்காது என்பது மீள்நிரப்புவோர் கற்ற கசப்பான பாடம். தூய்மையான கூடு நல்ல கூடு என்னும் நம்பிக்கை தகர்ந்த முதல் இடம் இது எனலாம். பாதரசம் இல்லாத தீமூட்டிகள் வந்த பிறகே இச்சிக்கல் ஓய்ந்தது.

இரண்டாவது, இன்னும் ஆழமான சிக்கல் இந்தியாவில் எழுந்தது. 1846-இல் டம்டமிலும் 1869-இல் புனேயை அடுத்த கிர்க்கியிலும் வெடிபொருள் ஆலைகள் நிறுவப்பட்டிருந்த இந்நாட்டில், மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும்போது தோட்டாக்கள் குதிரை இலாயங்களில் வைக்கப்பட்டன என்றும், மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில் பல கூடுகள், சுடப்படாமலே, நெடுக்காகப் பிளந்திருந்தன என்றும் உலோகவியல் நூல்கள் பதிவு செய்கின்றன. குறிப்பிட்ட பருவத்தில் நிகழ்ந்ததால் இதற்குப் பருவ வெடிப்பு என்ற பெயர் நிலைத்தது. வெப்பமும் ஈரமும் மட்டுமே காரணம் என்று கொண்டால், இலாயத்திற்கு வெளியே இருந்த பித்தளை ஏன் தப்பியது என்பதற்கு விடையில்லை. 1921-இல் வுலிச் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தில் கரைந்து, பித்தளையின் உட்படிகங்களுக்கு இடையிலான எல்லைகளை அரிக்கிறது. கூட்டுக்குள் ஏற்கெனவே தங்கியுள்ள எஞ்சிய தகைவு அந்த அரிப்பைப் பிளவாக விரிக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் வெடிப்பு நேராது. ஆகவே, அம்மோனியாவை விலக்க இயலாத இடத்தில் தகைவையேனும் விலக்கலாம் என்ற தீர்வு பிறந்தது: கூட்டைச் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சாமல், 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையான தாழ்ந்த வெப்பத்தில் வைத்து எடுத்தால், கடினத்தன்மை பெரிதும் குன்றாமலே உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும். அமெரிக்கப் படைத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த சாயல், அங்கு மென்பதத்திற்குக் காய்ச்சியதன் தடயம். துலக்கி அழிக்காமல் அதை அப்படியே விடுவதன் மூலம், வேலை செய்யப்பட்டிருப்பதைக் கண்ணாலேயே சரிபார்த்துவிட முடிகிறது.

இவ்விளக்கம் துலக்கும் பொருள்களைப் பற்றிய மதிப்பீட்டையே மாற்றியது. செம்பின் ஆக்சைடைக் கரைப்பதில் அம்மோனியா மிக வல்லது. அதில் தோய்த்த துணி சற்று நேரத்தில் நீலம் பாரிப்பதே, செம்பு கரைந்து அம்மோனியாவோடு அணைவுச் சேர்மமாவதற்குச் சான்று. அன்றைய லண்டனில் அம்மோனியாவுக்குப் பஞ்சமும் இல்லை. மனோர் பார்க்குக்கும் வுலிச்சுக்கும் இடையே, 1870-இல் தொடங்கிய பெக்டன் எரிவாயு ஆலை நிலக்கரியை வாட்டி வாயு எடுத்தபோது துணைவிளைவாக அது பெருமளவில் கிடைத்தது. 1905 முதல் ரெக்கிட் நிறுவனம் விற்ற பிராஸோ போன்ற திரவ மெருகுகளிலும் அம்மோனியா சேர்ந்திருந்தது. கதவுக் குமிழுக்கும் சீருடைப் பொத்தானுக்கும் இவை பொருத்தமானவை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பெரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தோட்டாக் கூட்டுக்கோ, ஒவ்வொரு மீள்நிரப்பலிலும் தகைவு கூடிக்கொண்டே போவதால், அம்மோனியா கலந்த மெருகு ஏற்றதன்று என்பது கைந்நூல்களின் பொதுவிதியாயிற்று.

அமிலங்களின் வழி வேறு. சிட்ரிக் அமிலமும் டார்டாரிக் அமிலமும் கறையைக் கரைத்துச் செம்பு அயனிகளைப் பிணைத்துக்கொள்கின்றன. வெடிப்பைத் தூண்டும் பொருள்களாக இவை அம்மோனியாவைப் போலச் செயல்படுவதில்லை. புளியின் சதையில் 8 முதல் 18 விழுக்காடு வரை டார்டாரிக் அமிலம் உண்டு. தமிழ் வீடுகளில் அதனோடு சேர்ந்த சாம்பல், குறிப்பாக உமிச்சாம்பல், சிலிக்கா மிகுந்த நுண்ணிய தேய்ப்பான். ஆயினும் அமிலத்திற்கும் எல்லையுண்டு. காடியிலும் உப்பிலும் நெடுநேரம் ஊறிய பித்தளை, பொன்னிறம் போய் வெளிர்சிவப்பாகிவிடும். மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து நீங்க, செம்பு மட்டும் எஞ்சிப் படிவதன் விளைவு அது. நிமிடங்களில் எடுத்து, நீரில் நன்கு அலசி, ஈரம் தங்காமல் உலர்த்தும் ஒழுங்கில்தான் முறையின் வெற்றி உள்ளது. அவ்வொழுங்கைத் தமிழ்ப் பெண்கள் எந்த வேதியியல் நூலையும் பாராமல் கைக்கொண்டிருந்தனர் என்பது போற்றத்தக்கது.

அமிலத்திற்கு இணையாக உராய்வு முறைகளும் வளர்ந்தன. சுழலும் பீப்பாயில் மரத்தூளோடு உருட்டிக் காயவைப்பதும் மெருகேற்றுவதும் ஆலைப் பழக்கம். அதன் வீட்டு வடிவமாக, அதிரும் கிண்ணத்தில் பொடித்த வால்நட் ஓட்டையோ சோளத் தண்டையோ இட்டுக் கூடுகளைத் துலக்கும் முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. இதன் குறை தூசியில் உள்ளது: பாதரசத்துக்கு மாற்றாகத் தீமூட்டியில் இடம்பெற்ற ஈயச் சேர்மங்களின் எச்சம், உலர்ந்த தூசியோடு மூச்சில் சேரும். மெல்லிய துருப்பிடிக்கா எஃகு ஊசிகளும் சிட்ரிக் அமிலமும் சவர்க்காரமும் சேர்த்து நீரிலேயே உருட்டும் முறையும், செவிப்புலனுக்கு அப்பாற்பட்ட ஒலியலைகளால் நீரை அதிரவைக்கும் முறையும் தூசியைப் பெரிதும் அடக்கின. ஆனால் கழுவிய நீரில் ஈயம் இருப்பதால், அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதும் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்துவதும் தவறு. பிரித்தானியாவில் உரிமம் பெற்றோர் மீள்நிரப்பச் சட்டம் இடந்தருகிறது. தீமூட்டி பொருத்தாத வெற்றுக் கூட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை, தீமூட்டியின் விற்பனையையோ 2006-ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டம் வரையறுக்கிறது.

வுலிச் ஆய்வின் பயன் தோட்டாவோடு நிற்கவில்லை. மனோர் பார்க் வீடுகளில் உள்ள பித்தளைப் பொருள்களைச் செய்முறையால் இரண்டாகப் பகுக்கலாம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு அச்சில் வார்த்துக் கடைந்து எடுக்கப்படுவது. அதன் தடித்த உடலில் எஞ்சிய தகைவு சிறிது. நீர்க்குடம், செம்பு, தாம்பாளம் ஆகியவை தகட்டை அடித்தோ அழுத்தியோ உருவாக்கப்படுபவை. அவற்றின் கழுத்தும் மடித்த விளிம்பும் இழுவைக் கூட்டின் சுவரைப் போலவே இறுகியவை. பழைய கன்னார் குடத்தை அடிக்கும்போது இடையிடையே உலையிலிட்டுக் காய்ச்சியது தகட்டை இளக்கவே எனினும், அது தகைவையும் தணித்தது. கடைசியாகக் காய்ச்சியபின் விழுந்த அடிகளின் தகைவு மட்டும் குடத்தில் எஞ்சும். ஆகையால் ஒரே மெருகுத் திரவத்தை விளக்குக்கும் குடத்துக்கும் இடுவோர், குடத்தின் கழுத்தையும் விளிம்பையும் தனியே கருத வேண்டியுள்ளது: அங்கே புளியைக் கரைத்துத் தேய்த்து உடனே அலசுவதும், அம்மோனியா கலந்த திரவம் தவறிப் பட்டுவிட்டால் மடிப்பினுள் அது தங்காதபடி ஓடும் நீரில் கழுவித் துடைப்பதும் பொருத்தமான நடைமுறை.