வெந்நீர்ப் பள்ளத்தாக்கு: துவைத்தவர்களும் நீந்துகிறவர்களும்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் விளையாட்டுக்கென்றே ஒரு பேட்டை இருக்கிறது: லோய்கர்தாலூர். 1959இல் திறந்த தேசியக் கால்பந்து மைதானம், 1965இல் வந்த உள்ளரங்கு, 1968இன் நீச்சல் குளம் எல்லாம் அடுத்தடுத்து. அந்த உள்ளரங்கில்தான் 1972இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடினார்கள். பனிப்போரைச் சதுரங்கப் பலகையில் வைத்து உலகம் வேடிக்கை பார்த்தது. போகிறவர்களுக்கு இந்தக் கதை தவறாமல் சொல்லப்படுகிறது. இன்னொரு கதை ஊர்ப்பெயருக்குள்ளேயே கிடக்கிறது. பெயருக்கு வெந்நீர்க் குளங்களின் பள்ளத்தாக்கு என்று பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊற்றிலிருந்து ஓடிய வெதுவெதுப்பான நீரில் ஆண்பிள்ளைகள் நீச்சல் பழகினார்கள். அதே ஊற்றில் பெண்கள் ஊர்த்துணியை வெளுத்தார்கள். பெரும்பாலும் வேலைக்காரிகள், கூலிக்குத் துவைத்த ஏழைப்பெண்கள். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரம், முதுகில் மூட்டை, வாளி, துவைபலகை. பனிக்காலத்திலும் இதே நடைதான். திரும்பும்போது துணி ஈரம். சுமை இன்னும் கூடும். வழுக்கிக் கொதிநீரில் விழுந்து வெந்து செத்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளத்தின் மேல் இரும்பு வளைவுகள் வைத்தார்கள். சாவு வந்து சொன்னால்தான் நிர்வாகத்துக்குக் காது கேட்கும் போல.

1885இல் நகரமன்றம் ஊற்றுக்குப் பாதை போட முடிவெடுத்தது. அதுதான் லோய்காவேகூர், குளத்துப் பாதை. இன்று நகரத்தின் முதன்மையான கடைத்தெரு. யார் முதுகு வளைந்ததால் அந்தத் தெரு வந்ததென்று கடைகளைப் பார்த்தால் தெரியாது.

1930இல் துளையிட்டு எடுத்த வெந்நீர் குழாய் வழியாக ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் போனது. பின்னாளில் நகரம் முழுவதையும் சூடாக்கிய அமைப்பின் தொடக்கம் இது. இதை 'இயற்கை தந்த கொடை' என்று எழுதுவது வழக்கம். பொறியாளரும் பூமியும் சேர்ந்து செய்த காரியமாகக் கதையாடல் அமைந்துவிடுகிறது. அந்த நீரை அன்றாடம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த உடல்கள் முன்கதையாகச் சுருங்கிவிடுகின்றன. துவைப்பு வேலை ஒழிந்தது நல்லதுதான். அந்த நடையை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. கேள்வி வேறு: ஓய்வு என்பது யாருடைய உழைப்பின் மேல் கட்டப்பட்ட வெளி?

1975 அக்டோபர் 24இல் ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் தொண்ணூறு சதம் பேர் அலுவலகத்தையும் அடுப்பையும் ஒருசேரப் புறக்கணித்தார்கள். குழந்தைகளை அப்பன்மார் வேலையிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுவேலையும் வேலைதான் என்று விளக்க அன்றைக்கு ஒரு கட்டுரையும் தேவைப்படவில்லை.

பழைய துவைகுளம் இன்னும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பக்கத்தில் ஆஸ்முந்தூர் ஸ்வேய்ன்சன் செய்த சலவைக்காரி சிலை. சற்றுத் தள்ளி, நீச்சல் குளத்தின் ஆவிக்குள் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊர் பேசிக்கொண்டிருக்கிறது.