தாளில் தங்கிய குரல்கள்

ஆடிப்பெருக்கன்று பழஞ்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையர் அதனை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் காவிரியின் புதுப்புனலைக் காணும் திருக்காட்டுப்பள்ளியார்க்கு அந்த இழப்பின் வேகம் எளிதில் விளங்கும். சுவடிகளுக்காகத் தமிழுலகம் வருந்தியது. அச்சேறிய இதழ்களுக்காக, அதிலும் ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்களுக்காக, நெடுங்காலம் வருந்தவில்லை.

அவ்விதழ்களின் வரிசை சிறியதன்று. 1869இல் ‘சூரியோதயம்’, 1871இல் ‘பஞ்சமன்’, 1885இல் ‘திராவிட பாண்டியன்’ என அவை தோன்றின. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகக் கருதப்பட்ட பெயரையே தலைநிமிர்த்திப் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைச் சென்னையில் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் அவர் மறையும்வரை வரலாறும் சமயமும் இலக்கியமும் அதில் விவாதிக்கப்பட்டன.

இத்தகைய இதழ்கள் அழிந்தமைக்குக் காரணங்கள் உண்டு. மலிவுத் தாள் விரைவில் பழுத்து நொறுங்கும். வாங்கிப் படித்தோரிடம் அடுக்கிவைக்க அலமாரி இல்லை. அலமாரி உடையோர் பலர் அவற்றை வாங்கவில்லை. ஆங்கில அரசு உள்நாட்டு இதழ்களைக் கண்காணிக்கத் தயாரித்த ஆங்கிலச் சுருக்கங்களே இன்று ஆய்வாளர்க்குத் துணையாகின்றன. வேவு பார்த்தவன் குறிப்பில் வாழ்வு எஞ்சியது ஒரு வரலாற்று முரண்.

எனினும் ‘தமிழன்’ பிழைத்தது. அன்பு பொன்னோவியம் போன்ற அன்பர்கள் பழைய இதழ்களைத் தம் இல்லங்களில் காத்துவந்தனர். அவற்றைக்கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது. தமிழ் உரைநடையின் வரலாறும், தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சியின் வரலாறும் அதன்பின் வேறுவிதமாக எழுதப்படலாயின.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் முதல் இதழான ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ 1827இல் நியூயார்க்கில் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் நின்றது. கறுப்பர்க்கு வரலாறே இல்லை என்ற பேச்சை மறுக்க, ஆர்தர் ஷோம்பர்க் என்னும் எழுத்தர் தம் ஊதியத்தில் நூல்களையும் தாள்களையும் தேடிச் சேர்த்தார். 1926இல் அத்தொகுப்பு 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு நியூயார்க் பொது நூலகத்தைச் சேர்ந்தது. இன்று அது உலக ஆய்வாளர் நாடும் கருவூலம்.

இவ்விரு கதைகளும் உணர்த்துவது ஒன்றே. பேசாதிருந்தவர்கள் என்று வரலாறு கருதிய மக்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பேச்சு பதிந்த தாளைப் பேணுவோர்தாம் குறைவு. ‘பறையன்’ இதழின் பெரும்பகுதி இன்றும் கிட்டவில்லை. பழைய தாளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் பார்ப்பதும் தமிழ்த்தொண்டே. இலக்கிய வட்டங்கள் தத்தம் ஊர்ப் பரண்களில் அத்தேடலைத் தொடங்கினால், காணாமற்போன ஓரிதழேனும் வெளிச்சம் பெறக்கூடும்.