முற்றவெளியைச் சுற்றி ஒரு பின்னேரம்

இடைநிலைப் பிரிவு மாணவிகளுக்கு யாழ்ப்பாண நகரைக் காட்ட ஒரு பின்னேரம் போதும். முற்றவெளியைச் சுற்றி நடந்தால் ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாற்றைக் கண்டுவிடலாம். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஐங்கோணமாக்கிய கோட்டை. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம். 1959இல் திறக்கப்பட்ட பொதுசன நூலகம் யாவும் கிட்டக்கிட்டவே உள்ளன. நூலகத்தில் 1967இல் சிறுவர் பகுதியும் தொடங்கியது. கால் உளைந்தால் இளைப்பாற சுப்பிரமணியம் பூங்கா.

1981இல் நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அடுத்த ஆண்டுகளில் கோட்டை போர்முனையாயிற்று. அதனுள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும் போரில் இடிந்தது. அந்தக் காலத்தில் படித்த மாணவிகளுக்கு, வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்திலிருந்த இந்த உலாவே எட்டாததாயிற்று.

இன்று நூலகம் மீள எழுந்து நிற்கிறது, கோட்டைக்குள்ளும் போகலாம். ஆனால் அக்காமார் கண்ட தேவாலயத்தைத் தங்கைமார் படத்தில்தான் காணலாம். ஆகவே, விடுமுறைக்கு ஊர் வரும் பழைய மாணவிகளே, பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் அங்கே நடவுங்கள். கண்டவர்கள் சொல்லாவிட்டால், அவர்களுக்கு அது வெறும் கல்லாகவே இருக்கும்.