மரத்தூள் போட்டா வண்டி ஓடுமா?

1819லயே பாதி வழி காட்டிட்டார் பிரான்ஸ் வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ. பழைய லினன் துணி, மரத்தூள் இதையெல்லாம் கந்தக அமிலத்தில் போட்டு சர்க்கரை எடுத்தார். செல்லுலோஸ்ங்கிறது குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. அமிலம் கண்ணிகளை உடைக்கும். அப்புறம் ஈஸ்ட் போட்டா ஆல்கஹால்!

பின்ன ஏன் பெட்ரோல் பங்க்ல மர ஆல்கஹால் வரலை? அங்கேதான் மேட்டரே.

நீர்த்த அமிலம்னா நல்லா சூடாக்கணும். அந்தச் சூட்டில் பிறந்த சர்க்கரையே சிதைஞ்சு, ஈஸ்ட்டுக்கு ஆகாத பொருளாகிடும். அடர் அமிலம்னா சர்க்கரை அதிகம் கிடைக்கும், ஆனா அமிலத்தை மீட்டாகணும், எந்திரமும் அரிக்கும். ஜெர்மனியில் ஷோலர் முதல் வழியில் போனார், பெர்கியுஸ் இரண்டாவதில். (1931ல் பெர்கியுஸ் வாங்கிய நோபல் உயர் அழுத்த வேதியியலுக்கு, இதுக்கில்லை!)

இரண்டாம் உலகப்போர் சமயம் அமெரிக்காவும் ஓரிகன் மாநில ஸ்பிரிங்ஃபீல்டில் ஆலை கட்ட ஆரம்பிச்சது. போர் முடிஞ்சது, மலிவு பெட்ரோலியம் வந்தது, ஆலையைக் கைவிட்டாங்க. சோவியத்தில் மட்டும் இப்படிப்பட்ட ஆலைகள் பல பத்தாண்டுகள் ஓடின. அங்கே சந்தை விலை முடிவு செய்யலையே!

ஆக, தோத்தது வேதியியல் இல்லை, வரவு செலவுக் கணக்கு. அடுத்த தடவை 'கழிவிலிருந்து எரிபொருள்'னு செய்தி படிச்சா, அமிலத்தை எப்படித் திருப்பி எடுக்கறாங்கன்னு முதல்ல கேளுங்க மக்களே.