ஈயச் சிப்பாய்களும் வர்ணம் தீட்டிய கைகளும்

நெப்போலியன் காலத்து யுத்தங்களை மேஜைமேல் மறுபடி நடத்திப் பார்க்கும் அன்பர்கள், ஒரு விரற்கடை உயரங்கூட இல்லாத ஈயச் சிப்பாய்களுக்குக் கழுத்துப்பட்டையும் தோள்வாரும் பிசகாமல் வர்ணம் தீட்டுவதைக் காண்போர், அதை அண்மையில் பிறந்த ஒரு பொழுதுபோக்கு என்றே கருதிவிடுவர். ஆனால் அந்த சூக்ஷ்மத்தின் வேர், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துப் பட்டறைகளில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஹில்பெர்ட் குடும்பத்தார், கற்பலகையில் அச்சுக் குடைந்து, வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்து, தகடு போன்ற தட்டையான பொம்மைகளைச் செய்தார்கள். 1839-ல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸென், பிற்பாடு காலாள் வீரனின் உயரத்தை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் என்று வகுத்துக்கொண்டார். அதையே மற்றவர்களும் ஏற்றதனால், எந்தப் பட்டறையில் வாங்கிய சேனையும் ஒரே களத்தில் ஒத்து நிற்கலாயிற்று. எடை போட்டு மரச்சிம்புப் பெட்டிகளில் விற்கப்பட்ட இப்பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டியவர்கள், பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே சொற்பக் கூலிக்கு உழைத்த பெண்களும் குழந்தைகளுமே. பட்டறைக்காரரின் பெயர் நிலைத்தது; அந்தக் கைகளுக்குரியோரின் பெயர்கள் நமக்குக் கிட்டாமற்போனதை இக்கலையின் பெருங்குறை என்றே நான் எண்ணுகிறேன்.

தட்டைப் பொம்மைக்குத் திரட்சி இல்லை; ஆகவே மடிப்பின் நிழலையும் கன்னத்தின் மேட்டையும் தூரிகைதான் உண்டாக்க வேண்டும். வெளிச்சத்தை நம்பாமல் வெளிச்சத்தையே தீட்டுவது என்னும் இந்தப் பாடம், உருண்டு திரண்ட சிறு பொம்மைகளுக்கும் பின்னால் பயன்பட்டது.

சிறுமையின் எல்லையைத் தொட்டுப் பார்த்தவர் வில்லியம் சைபார்ன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. வாட்டர்லூ களத்தின் மாதிரியை அமைக்கும் பணியை 1830-ல் ஏற்று, அக்களத்திலிருந்த லா ஹே சாந்த் பண்ணையில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்து, உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி விவரம் திரட்டி, அரசாங்கம் நடுவில் பணத்தை நிறுத்தியபோதும் மனந்தளராமல், 1838-ல் லண்டன் பிக்கடில்லியில் அதனைக் காட்சிக்கு வைத்தார். ஒரு மைலுக்கு ஒன்பதடி என்ற அளவில் அமைந்த அந்த நிலப்பரப்பில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள 70,000-க்கு மேற்பட்ட வீரர்கள் நிற்கிறார்கள். பொம்மைகள் நிலத்தின் அளவை மீறியவையாதலால், இரண்டு வீரருக்கு ஒரு பொம்மை என்று கணக்கிட வேண்டியதாயிற்று. அம்மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவக் காட்சிசாலையில் இருக்கிறது.

1970-களில் 15 மில்லிமீட்டர் பொம்மைகள் பரவியபோது, வெளிச்சத்தையே தீட்டும் பழைய பாடம் புதிய அவசியத்தோடு திரும்பிவந்தது. முதலில் முழுதும் கறுப்புப் பூசுவார்கள் பலர். பிரிட்டிஷ் வீரனின் சட்டையானால், அதன்மேல் மங்கிய சிவப்பு, மேடான இடங்களில் மட்டும் பளிச்சென்ற சிவப்பு. மார்பில் குறுக்கிடும் வெள்ளை வாரை இழுக்கும்போது, வாருக்கும் சட்டைக்கும் நடுவே அந்தக் கறுப்பில் ஒரு மயிரிழையை விட்டுவைப்பார்கள். அவ்விழை இல்லாவிட்டால் இரண்டடி தூரத்தில் வெள்ளையும் சிவப்பும் கலங்கிப்போகும். கண்ணைத் தீட்டாமல் விடுவதே உத்தமம். புருவத்தடியில் விழுந்த நிழலே பார்வையாகிவிடும்.

ஆனால் கழுத்துப்பட்டையையும் மணிக்கட்டுப் பட்டையையும் விட்டுவிட முடியாது. வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி ஹால்கெட்டின் படைப்பிரிவில் நின்ற நான்கு ரெஜிமெண்டுகளும் சிவப்புச் சட்டைதான் அணிந்திருந்தன. எனினும் 30-ஆவதற்கு வெளிறிய மஞ்சள் பட்டை, 33-ஆவதற்குச் சிவப்பு, 69-ஆவதற்குப் பச்சை, 73-ஆவதற்குக் கரும்பச்சை. கடுகளவு இடத்தில் வைத்த அந்த ஒரு துளி வர்ணத்தைக் கொண்டே, மேஜைக்கு எதிர்ப்புறம் நிற்பவர் எந்த ரெஜிமெண்டு தம்மை நோக்கி வருகிறது என்று அறிகிறார்.