‘செல்ஃப்’ வந்த கதையும் நிறுத்தும் பொத்தான் வராத கதையும்

மலர்க் குழுவிலிருந்து, “மெக்கானிக்கல்காரங்க யாராவது ஒரு கட்டுரை கொடுங்கப்பா” என்று கேட்டார்கள். கவிதை எழுத நம் செட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இஞ்சினும் ஒயரும்தான். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அடிக்கடி போன் செய்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நம்ம அம்பாசிடருக்குப் புஷ் பட்டன் ஸ்டார்ட் போடலாமா?” தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பொத்தானின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போட்டால் நல்லது. காரைக் கிளப்புவதற்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதிகூட அதை நிறுத்துவதற்கு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கட்சி.

ஹேண்டில் காலம்

கார் பிறந்து முதல் 25 ஆண்டுகள் பெரும்பாலும் ஹேண்டில்தான். வண்டிக்கு முன்னால் போய் நின்று, ஹேண்டிலைச் செருகி, பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்பார்க் விழும் நேரத்தைத் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பெட்ரோல் பற்றி, இஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் திரும்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கட்டைவிரலையும் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அக்கால டிரைவருக்கு முதல் பாடம்.

இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். இங்கே ஒரு பிரபலமான கதை உண்டு. காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், 1910இல் டெட்ராய்ட்டில் ஒரு பெண்மணியின் காருக்கு ஹேண்டில் போட்டு உதவப் போய், அடிபட்டு இறந்தார், மனம் நொந்த லேலண்ட் கெட்டரிங்கைக் கூப்பிட்டார் என்று. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்ட்டர் இறந்தது 1908இல். கதை பிற்பாடு மெருகேறியது என்றே தோன்றுகிறது. ஹேண்டில் பலர் கையை முறித்தது மட்டும் கதையல்ல.

கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். அங்கே கற்ற பாடத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். நாள் முழுக்க ஓடும் மோட்டார் என்றால் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். சில விநாடி மட்டும் ஓடும் மோட்டாரைச் சிறிதாகச் செய்து, சக்திக்கு மீறி வேலை வாங்கலாம். சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். நம் எலக்ட்ரிக்கல் நண்பர்கள் ரசிக்கும் யோசனை! 1911 பிப்ரவரியில் சோதித்துக் காட்டினார். 1912 மாடல் காடிலாக்கில் அது வந்தது. ஃபோர்டு ‘மாடல் டி’ காருக்கு அது கிடைக்க 1919 ஆயிற்று.

ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்ற பெயரில் முதல் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். “செல்ஃப் எடுக்கலை, கொஞ்சம் தள்ளுங்க சார்” என்பதில் கெட்டரிங்கின் வாழ்க்கைச் சாதனையே அடங்கியிருக்கிறது.

பொத்தான், பிறகு சாவி

அடுத்த 30 ஆண்டுகள் பொத்தானின் காலம். சில கார்களில் டேஷ்போர்டில் இருந்தது. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் தரையில், காலால் மிதிக்கும்படி இருந்தது. 1934இல் ப்யூக் கம்பெனி ஆக்சிலரேட்டர் பெடலை மிதித்தாலே செல்ஃப் எடுக்கும்படி செய்தது. எந்த இடத்தில் இருந்தாலும், செல்ஃப் பொத்தானுக்குக் கிளப்பும் வேலை மட்டும்தான். ஓட அனுமதி கொடுப்பதும் ஓட்டத்தை நிறுத்துவதும் தனியாக இருந்த இக்னீஷன் சுவிட்ச். இந்தப் பிரிவினை எவ்வளவு நல்லது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

1949இல் கிரைஸ்லர் கம்பெனி, சாவியைத் திருப்பினாலே செல்ஃப் எடுக்கும்படி செய்தது. அனுமதி, கிளப்புதல், நிறுத்துதல் மூன்றும் ஒரே சாவிக்குள் போயின. உலகம் முழுவதும் அதுவே வழக்கமாயிற்று. 1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் ஸ்டார்ட்டர் மோட்டாரை இங்கேயே செய்ய, செல்ஃப் நம் ஊரிலும் சாதாரணப் பொருளாகிவிட்டது.

நிறுத்துவது எப்படி?

இஞ்சினை நிறுத்துவது கேட்க எளிது. ஆனால் வண்டிக்கு வண்டி வழி வேறு. மேக்னெட்டோ வைத்த பழைய இஞ்சினில் அதன் பிரைமரியை எர்த் செய்ய வேண்டும், அதாவது சுவிட்சை மூடினால் நிற்கும். காயில் வைத்த பெட்ரோல் காரில் காயிலுக்குப் போகும் கரண்டை வெட்ட வேண்டும், அதாவது சுவிட்சைத் திறந்தால் நிற்கும். டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது, டீசலைத்தான் நிறுத்த வேண்டும். பழைய லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்த ஒரு குமிழை இழுப்பார்களே, அது இதற்குத்தான்.

இதை முறையாக யோசித்தவர்கள் கார்ப் பந்தயக்காரர்கள். பந்தயக் கார் கவிழ்ந்தால், வெளியே நிற்பவரும் ஓடி வந்து ஒரே சுவிட்சில் எல்லா மின்சாரத்தையும் வெட்ட வேண்டும். அந்த இடத்தைக் காட்ட, வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் அடையாளம் ஒட்டுவார்கள். முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ. இருக்க வேண்டும் என்பது வரை விதி உண்டு. ஆனால் இந்த அக்கறை பந்தயத் திடலோடு நின்றுவிட்டது.

பொத்தான் திரும்பி வந்தது

1999இல் வந்த ஹோண்டா எஸ் 2000 ஸ்போர்ட்ஸ் காரில் சிவப்பு ஸ்டார்ட் பொத்தான் இருந்தது. ஆனாலும் சாவி போட்டால்தான் வேலை செய்யும், நிறுத்துவதும் சாவிதான். பிறகு வந்த சாவியில்லாக் கார்களில் கிளப்புவதும் நிறுத்துவதும் ஒரே பொத்தானுக்குப் போயின. தெரியாமல் கை பட்டு ஓடும் வண்டி நின்றுவிடக் கூடாதே என்று, ஓட்டத்தில் பொத்தானைப் பல விநாடி அழுத்திப் பிடிக்கும்படி சில கம்பெனிகள் வைத்தன.

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில், சான் டியாகோ அருகே, லெக்ஸஸ் இஎஸ் 350 கார் ஒன்றின் ஆக்சிலரேட்டர் பெடல் தரைவிரிப்பில் மாட்டிக்கொண்டது. மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் பறந்த வண்டியில் நான்கு உயிர்கள் போயின. ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, அனுபவசாலி. ஆனால் அது அவருடைய கார் அல்ல, சர்வீஸ் நிலையம் இரவலாகக் கொடுத்தது. அந்தக் காரின் பொத்தானை ஓட்டத்தில் மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் இஞ்சின் அணையும். பதற்றத்தில் மனிதன் ‘டக் டக்’ என்று தட்டுவானே தவிர, மூன்று வரை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்.

2011 டிசம்பரில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, அரை விநாடி அழுத்தினால் அணைய வேண்டும் என்று ஒரு விதியை முன்மொழிந்தது. இன்னொரு வகை ஆபத்தும் தெரியவந்தது. சத்தமில்லாத இஞ்சினை அணைத்துவிட்டதாக நினைத்து, கராஜில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போனவர்கள் கார்பன் மோனாக்சைடு புகையில் இறந்தார்கள். 2006 முதல் அப்படி இரண்டு டஜன் பேருக்கு மேல் என்று 2018இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அப்படிப்பட்ட கார்கள் தாமே அணைய விதி செய்யும்படி 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் ஒரு பிரிவு சேர்ந்தது. கெட்டரிங் பொத்தானைத் தந்து 110 வருடம் கழித்து!

நம் வண்டிக்கு வருவோம்

சில வருடம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். பழைய காருக்குப் புதிதாக அழகான பொத்தான் போட்டிருந்தார்கள். உள்ளே மெல்லிய ஒயர், ஃபியூஸ் இல்லை. இரண்டாவது அழுத்தலிலேயே டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை. பேட்டரியை வெட்ட ஒரு சுவிட்ச் கிடையாது. “பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கடா?” என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். வண்டி பிழைத்தது, ஒயரிங் முழுவதும் போயிற்று. ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. முதலில் பேட்டரிக்குப் பக்கத்தில் மாஸ்டர் சுவிட்ச். வண்டி நிற்கும்போது இது போதும். ஓடும்போது இதை மட்டும் திருப்பினால் ஆல்டர்னேட்டரே காயிலுக்குக் கரண்ட் கொடுத்து இஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும், டயோடும் கெடலாம். பந்தயச் சுவிட்சில் இக்னீஷனை வெட்டக் கூடுதல் கான்டாக்ட் இருப்பது இதனால்தான்.

2. அடுத்தது நிறுத்தும் சுவிட்ச். பெட்ரோல் காரில் காயில் ஒயரில் வைக்கலாம். டீசலுக்குப் பழைய குமிழே உத்தமம். சிவப்பாக, சீட் பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். தட்டினால் உடனே அணைய வேண்டும்.

3. பிறகுதான் ஸ்டார்ட் பொத்தான். செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். பொத்தான் அதைத் தாங்காது. ரிலே, ஃபியூஸ், சோலினாய்டு வழியாகவே கொடுங்கள். கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கும்படி ஒரு சுவிட்ச் சேருங்கள். கியரில் நிற்கும் வண்டியைச் செல்ஃப் மோட்டாரே முன்னால் குதிக்க வைத்துவிடும், எதிரே குழந்தை நிற்கலாம்.

4. பழைய சாவியைக் கழற்றாதீர்கள். அனுமதி அதனிடமே இருக்கட்டும்.

5. திருட்டுக்குப் பயந்து ஒளித்து வைக்கும் சுவிட்ச் வேறு, பாதுகாப்புச் சுவிட்ச் வேறு. ஒளித்து வைப்பதைச் செல்ஃப் ரிலே ஒயரில் போடுங்கள். அது பழுதானால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். காயில் ஒயரில் போட்டால் நடு ரோட்டில் லாரிக்கு முன்னால் அணைந்து நிற்கும்.

வேலை முடிந்ததும் வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும் ஒரு தடவை நிறுத்திப் பழகச் சொல்லுங்கள், ஓட்டத் தெரிந்த அம்மாவையும் சேர்த்துத்தான். சந்திப்பு நாளன்று பழைய காரோடு வரும் நண்பர்கள் பார்க்கிங்கில் என்னைப் பிடியுங்கள். மல்டிமீட்டர் கொண்டு வருகிறேன்.